கணினி இணையத்தை ஓயாமல் படித்துக்கொண்டே இருந்தால் தானாக அறிவு வளராதா?

கேள்வி நியாயமானதுதான். இணையத்தில் கோடிக்கணக்கான பக்கங்கள் கிடக்கின்றன, கணினிக்குத் தூக்கம் கிடையாது, அலுப்பு கிடையாது, அதை ராப்பகலாகப் படிக்கவிட்டால் நேற்றைவிட இன்று கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துகொண்டே போக வேண்டியதுதானே, அப்புறம் ஏன் இந்தச் சாட்பாட்கள் 'எனக்கு இன்ன மாதம் வரைதான் தெரியும்' என்று கையை விரிக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமான பதில்: செய்து பார்த்துவிட்டார்கள். 2010 ஜனவரியில் தொடங்கி வருடக்கணக்கில் ஒரு நிரல் அப்படியே ஓடியது. நிறையக் கற்றது, நிறையத் தப்பாகவும் கற்றது. அந்தத் தப்பு எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதுதான் இதில் சுவாரசியமான பகுதி. அதைச் சொல்லத்தான் பதில் நீளப்போகிறது.

முதலில் ஒரு சொல்லைப் பிரித்து வைத்துக்கொள்வோம். தமிழில் 'படிப்பது' என்றால் வாசிப்பதும் அதுதான், கற்பதும் அதுதான். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றால் வேகமாக எழுத்துக்கூட்டுகிற பிள்ளை என்று யாரும் நினைப்பதில்லை. நமக்கு இரண்டும் ஒட்டியே வருகின்றன, கணினிக்கு ஒட்டவில்லை. வாசிப்பு என்றைக்கோ முடிந்த வேலை. காமன் கிரால் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2007ல் தொடங்கப்பட்டது, இணையப் பக்கங்களை அள்ளி அள்ளிச் சேமித்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறது, பணமும் வட்டும் இருந்தால் போதும். ஒரு வரியை வாசித்ததும் அதை நம்புவதா, எவ்வளவு நம்புவது, ஏற்கெனவே நம்பியதோடு அது முட்டினால் எதை விடுவது, இங்கேதான் வண்டி நிற்கிறது.

இதற்கு முந்தைய வழி கையால் ஊட்டுவது. 1984ல் டக்ளஸ் லெனட் என்ற கணினி ஆய்வாளர் அமெரிக்காவில் சைக் என்ற திட்டத்தைத் தொடங்கினார். செத்தவர் மறுநாள் வேலைக்கு வரமாட்டார், ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இருக்க முடியாது என்பது மாதிரி நமக்குச் சொல்லித் தரத் தேவையே இல்லாத விஷயங்களை ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தர்க்க மொழியில் எழுதிச் சேர்த்தார்கள். 2023ல் லெனட் காலமானபோதும் அந்த வேலை முடிந்தபாடில்லை. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கையால் எழுதிய வரியில் ஒரு சுத்தம் இருக்கும், யார் எழுதினார், ஏன் எழுதினார் என்று கேட்டால் பதில் இருக்கும். பின்னால் இதன் அருமை தெரியும். ஆனால் உலகத்தின் அளவுக்கு அது எட்டாது. அதனால்தான் 'நாம் ஏன் எழுத வேண்டும், உலகமே எழுதி வைத்திருக்கிறதே, அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே' என்று சிலர் திரும்பினார்கள்.

எடுக்கும் வித்தை ரொம்ப எளிமையானது. 1992ல் மார்ட்டி ஹர்ஸ்ட் காட்டிய வழி அது. ஆங்கிலத்தில் 'சச் ஆஸ்' என்று வருகிற இடங்களைத் தேடினால் எது எந்த வகையைச் சேர்ந்தது என்று தானாகவே தெரிந்துவிடும். தமிழில் அந்த வேலையை 'போன்ற' செய்கிறது. 'நைல், டான்யூப் போன்ற நதிகள்' என்று ஒரு வரி வந்தால், டான்யூப் என்ற பெயரை அதுவரை கேள்விப்பட்டே இராத நிரலும் அது ஒரு நதி என்று குறித்துக்கொள்ளலாம். இலக்கணம் புரிய வேண்டாம், அர்த்தம் புரிய வேண்டாம், 'போன்ற' என்ற ஒரு சொல்லின் இரண்டு பக்கமும் பார்த்தால் போதும்.

அடுத்த கட்டம், அந்த 'போன்ற'வைக்கூட நாம் சொல்லித் தராமல் நிரலே கண்டுபிடிக்கச் செய்வது. 1998ல், அதாவது கூகுள் பிறந்த அதே வருடத்தில், அதை நிறுவிய இருவரில் ஒருவரான செர்கெய் பிரின் இதைச் செய்து காட்டினார். ஐந்தே ஐந்து புத்தகங்களின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் கொடுத்தார். 2.4 கோடிப் பக்கங்கள் கொண்ட சேமிப்பில் அந்தப் பெயர்கள் எங்கெல்லாம் சேர்ந்து வருகின்றன, அவற்றுக்கு முன்னும் பின்னும் நடுவிலும் என்ன இருக்கிறது என்று நிரல் பார்த்தது. அதையே அச்சாக வைத்துப் புதிய புத்தகங்களைப் பிடித்தது, புதியவற்றை வைத்துப் புதிய அச்சுகளைப் பிடித்தது, கடைசியில் 15,000க்கு மேல் சேர்ந்துவிட்டது. இதில் எனக்குப் பிடித்த விவரம் வேறு. வழியில் ஓரிடத்தில் 242 புத்தகங்களுக்கு ஆசிரியர் பெயர் 'கன்க்ளூஷன்' என்று வந்து நின்றது. அதாவது முடிவுரை! மொத்த வேலையிலும் பிரின் கைவைத்தது அந்த ஓர் இடத்தில்தான், அந்த 242ஐயும் அவரே எடுத்துப் போட்டார். எடுக்காமல் விட்டிருந்தால் திருவாளர் முடிவுரை அடுத்த சுற்றில் இன்னும் எத்தனை புத்தகம் எழுதியிருப்பாரோ.

இந்த 'எடுக்காமல் விட்டிருந்தால்' எப்படி இருக்கும் என்று நான் ஒருமுறை சின்ன அளவில் தமிழில் ஓட்டிப் பார்த்தேன். நோக்கம் கோள்களின் பெயர்களைச் சேகரிப்பது. தொடக்கத்துக்குக் கொடுத்தவை புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி. இதைப் படிக்கும்போதே உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். எனக்கு அன்றைக்கு வரவில்லை.

முதல் சுற்று அழகாகப் போனது. '___ கோளின் சுற்றுப்பாதை', '___ கிரகத்தில் தண்ணீர்' என்ற அச்சுகள் கிடைத்தன, அவை யுரேனஸையும் நெப்டியூனையும் கூட்டி வந்தன. இரண்டாம் சுற்றில் 'வரும் ___ அன்று' என்ற அச்சு தலைகாட்டியது. செய்திகளில் செவ்வாய் கோளைவிடச் செவ்வாய்க்கிழமை எவ்வளவு அதிகம் அடிபடும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த அச்சுக்கு ஆதரவு எக்கச்சக்கம், கொடுத்த ஐந்து பெயர்களுமே அதில் பொருந்தின, நிரலின் பார்வையில் அதைவிட நல்ல அச்சு கிடையாது. அது ஞாயிறையும் திங்களையும் உள்ளே விட்டது. ஞாயிறு வந்ததும் '___ விடுமுறை' என்ற அச்சு வந்தது, அதன் பின்னாலேயே கோடையும் அரையாண்டும் அரசும் வந்தன. இன்னொரு பக்கம் வெள்ளி தன் பங்குக்கு '___ விலை உயர்வு' என்ற அச்சைத் திறந்துவிட்டது, அது வழியாகத் தங்கம் வந்தது, தங்கத்தைத் தொட்டுக்கொண்டு பெட்ரோல் வந்தது. ஐந்தாம் சுற்று முடிவில் என் சூரியக் குடும்பத்தில் பெட்ரோலும் அரையாண்டும் கோள்களாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். எந்தப் படியிலும் நிரல் கிறுக்குத்தனமாக எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு அடியும் அதற்கு முந்தைய அடியை வைத்துப் பார்த்தால் நியாயமானது. இணையத்தில் யாரும் பொய்யும் எழுதவில்லை, 'வரும் செவ்வாய் அன்று கூட்டம்' என்பது உண்மைதான். இந்தத் துறையில் இதை செமான்டிக் டிரிஃப்ட் என்பார்கள், நாம் நழுவல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தவறு நுழைந்தால் அது ஒரு தவறாக நிற்பதில்லை, அடுத்த சுற்றில் அதுவே வாத்தியார் ஆகிவிடுகிறது. 'ஓயாமல் படித்தால் அறிவு வளரும்' என்ற எதிர்பார்ப்பின் ஓட்டை இங்கே இருக்கிறது. ஓயாமல் படிப்பதில் எது சரியோ அதுவும் வளரும், எது தவறோ அதுவும் வளரும், அதில் தவறு வளர்கிற வேகம் பல சமயம் கூடுதல்.

சரி, 2010ல் ஓடத் தொடங்கிய நிரலுக்கு வருவோம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழு செய்தது. பெயர் நெவர் எண்டிங் லாங்குவேஜ் லேர்னிங், சுருக்கினால் நெல். அவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் நெல் என்று பெயர் வைத்துவிட்டுப் பதரைப் பிரிக்கத்தான் அவர்கள் அத்தனை பாடுபட்டார்கள்.

அவர்களின் முக்கிய யோசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். கோள் என்றால் என்ன என்று மட்டும் தனியாகக் கற்றால் நழுவும், ஆனால் கோள், கிழமை, உலோகம், நகரம், நிறுவனம், விளையாட்டு வீரர், அணி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கற்றால் ஒன்று நழுவும்போது இன்னொன்று பிடித்து நிறுத்தும். பெட்ரோல் கோளாக வர முயன்றால் 'அது ஏற்கெனவே எரிபொருள் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறதே, எரிபொருளும் கோளும் ஒன்றாக இருக்க முடியாதே' என்று தடுக்கலாம். 'இன்னார் இன்ன அணிக்கு ஆடுகிறார்' என்று ஒரு வரி கிடைத்தால் முதல் பெயர் வீரராகவும் இரண்டாவது அணியாகவும் இருந்தால் மட்டுமே ஏற்கலாம். தொடக்கத்தில் 123 வகைகள், அவற்றுக்கிடையே 55 உறவுகள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து உதாரணங்கள், இவ்வளவுதான் கையால் கொடுத்தது. படிக்கக் கொடுத்தது சுமார் 50 கோடி ஆங்கிலப் பக்கங்கள்.

நிரலுக்குள் வாசகரும் ஒருவர் இல்லை, நான்கு பேர், அதாவது நான்கு தனித்தனிப் பகுதிகள். ஒருவர் வாக்கியத்தில் வரும் அச்சுகளைப் பார்ப்பார். இன்னொருவர் பக்கத்தின் அமைப்பை, பட்டியலையும் அட்டவணையையும் பார்ப்பார். மூன்றாமவர் சொல்லின் உருவத்தைப் பார்ப்பார், அதாவது முதலெழுத்து பெரிய எழுத்தா, கடைசியில் என்ன விகுதி என்பது போல. நான்காமவர் வாசிக்கவே மாட்டார், ஏற்கெனவே சேர்ந்ததை வைத்து 'இவர் இந்த அணி, இந்த அணி இந்த விளையாட்டு, ஆகவே இவர் இந்த விளையாட்டு' என்று விதிகளைப் போடுவார், அந்த விதிகளை மட்டும் அவ்வப்போது ஒரு மனிதர் பார்த்து ஒப்புதல் தருவார். நான்கு பேரும் வெவ்வேறு விதமாகத் தப்புப் பண்ணுவார்கள் என்பதுதான் நம்பிக்கை. ஒருவர் தப்பாகச் சொல்வதை மற்ற மூவரும் ஆமோதிப்பது அபூர்வம்.

67 நாள் ஓடியதில் 2,42,000 கூற்றுகள் சேர்ந்தன, சராசரியாக 74 சதவீதம் சரி. இந்தச் சராசரியை மட்டும் பார்த்தால் பரவாயில்லையே என்று தோன்றும். அதை உடைத்துப் பாருங்கள். மொத்தச் சுற்றுகளை மூன்று பாகமாகப் பிரித்தால் முதல் பாகத்தில் சேர்ந்தவை 90 சதவீதம் சரி, நடுப்பாகத்தில் 71, கடைசிப் பாகத்தில் 57. அந்தக் குழுவே இதை ஒளிக்காமல் எழுதியது என்பதற்காக அவர்களுக்கு ஒரு கும்பிடு. சுலபமானதெல்லாம் முதலில் வந்துவிட்டது, மிச்சமிருப்பது கடினமானது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி என் பெட்ரோல் கதைதான். சீட்டாட்டங்களின் பெயர்களைச் சேர்க்கும் பட்டியலில் சூதாட்டத் தளங்களின் விளம்பரக் குப்பை புகுந்து, 'டெபாசிட் கேசினோ போனஸ்' என்று தொடங்கும் நீளமான சரங்களெல்லாம் ஒரு சீட்டாட்டத்தின் பெயராகப் பதிவாகின. இன்னொரு தடவை இணைய உலாவி சேமித்துவைக்கும் குக்கீ என்ற சின்னக் கோப்பைத் தின்னும் குக்கீ பிஸ்கட் என்று எடுத்துக்கொண்டது. 'குக்கீயை அழித்தேன்' என்று மக்கள் எழுதுகிறார்கள், 'கோப்பை அழித்தேன்' என்றும் எழுதுகிறார்கள், ஆகவே கணினிக் கோப்புகளும் அடுப்பில் சுட்டெடுத்த பண்டங்கள்தான் என்ற முடிவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு மனிதர்கள் அவ்வப்போது எட்டிப் பார்த்துத் திருத்தினார்கள், வகைகள் கூடின, 2018 வாக்கில் சுமார் 12 கோடிக் கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உறுதி என்ற எண்ணோடு, சேர்ந்திருந்தன. 'மனிதர்கள் எட்டிப் பார்த்து' என்பதை வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். தானாகக் கற்கிறது என்று சொல்லப்படுகிற எந்தத் திட்டத்திலும் அந்த எட்டிப் பார்க்கிற ஆளை நான் முதலில் தேடுவேன். எப்போதும் ஒருவர் இருப்பார்.

தமிழுக்கு இதைச் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு கிளைக்கதை. வகைகள் ஒன்றையொன்று விலக்கும் என்ற தந்திரம் என் உதாரணத்தில் நேராகப் போய் முட்டிக்கொள்ளும். கோளும் கிழமையும் ஒன்றாக இருக்க முடியாது என்று விதி போட்டால் செவ்வாயைக் கோள் பட்டியலிலிருந்தே தூக்கி எறிய வேண்டியதுதான், ஏனென்றால் அது இரண்டும்தான். சொல் வேறு, சொல் சுட்டும் பொருள் வேறு என்று நிரலுக்குள்ளேயே பிரித்தாக வேண்டும். நெல் குழுவும் பின்னால் இந்தப் பிரிவைச் செய்தது, ஆப்பிள் பழத்தையும் ஆப்பிள் நிறுவனத்தையும் வேறு செய்யாமல் அவர்களாலும் நகர முடியவில்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற துப்பும் தமிழில் கிடையாது, ஆகவே மூன்றாவது வாசகருக்குப் பாதி வேலை போய்விடும். ஆனால் அவருக்கு நம் மொழி வேறொரு கையைக் கொடுக்கிறது. 'செவ்வாயன்று' என்றால் கிழமை, அதில் சந்தேகமே இல்லை. 'செவ்வாயில் தரையிறங்கியது' என்றால் கோள். 'சனிக்கு 274 நிலவுகள்' என்பதில் யாரும் கிழமையைத் தேட மாட்டார்கள். ஆங்கிலத்தில் நாலு சொல் தள்ளி நின்று உதவும் துப்பு நம்மிடம் அந்தச் சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாலை வெட்டிவிட்டு 'வேர்ச்சொல்'லை மட்டும் வைத்துக்கொள்வதுதான் நான் முதலில் செய்த முட்டாள்தனம். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று பாடங்களில் சொல்லியிருந்தார்கள், நானும் செய்தேன், பெட்ரோல் கோளானது.

இப்போது அந்த 274ஐப் பிடித்துக்கொள்வோம், ஏனென்றால் 'ஓயாமல்' என்ற சொல்லின் முழுக் கனமும் அதில் இருக்கிறது. சனிக்கு எத்தனை நிலவுகள்? 2019ல் புதிதாக 20ஐ அறிவித்தபோது 82. 2023ல் 146. 2025 மார்ச்சில் இன்னும் 128 சேர்ந்து 274. இணையத்தில் இந்த எல்லா எண்களும் இருக்கின்றன, அதற்கு முந்தைய எண்களும் இருக்கின்றன, எழுதிய அன்று ஒவ்வொன்றும் சரி. எத்தனை பக்கங்கள் சொல்கின்றன என்று எண்ணி நம்புகிற நிரல் இருக்கிறதே, அது பெரும்பாலும் பழைய எண்ணைத்தான் நம்பும், பழையதுதான் அதிகமாகப் பிரதி எடுக்கப்பட்டிருக்கும். சரி, புதியதை நம்பு என்று சொல்லிவிடலாமா? நேற்று ஒருவர் பத்து வருடத்துக்கு முந்தைய கட்டுரையைப் பார்த்து எழுதியதும் புதிய பக்கம்தானே. பக்கத்தின் தேதி வேறு, பக்கத்துக்குள் இருக்கும் தகவலின் தேதி வேறு, பாதிப் பக்கங்களில் எந்தத் தேதியும் கிடையாது. பல இடங்களில் ஒரே சேதி வந்தால் நம்பலாம் என்ற அடிப்படை விதியே ஆட்டம் காண்பது இங்கேதான், நூறு பக்கம் ஒரே பக்கத்தைப் பார்த்து எழுதியிருந்தால் அது நூறு சாட்சி இல்லை, ஒரு சாட்சி.

இன்னொரு சிக்கல், எழுதப்படாதவை. 2013ல் ஜொனாதன் கோர்டனும் பெஞ்சமின் வான் டுர்மேயும் இதைப் பற்றி எழுதினார்கள்: மனிதர்கள் நடப்பதை நடக்கிற விகிதத்தில் எழுதுவதில்லை, சொல்லத் தகுந்தது என்று தோன்றுவதை எழுதுகிறார்கள். ஒருவர் மாடிப்படி ஏறினார் என்று எழுதுவோம், மூச்சு விட்டபடியே ஏறினார் என்று யாரும் எழுதமாட்டோம். எழுத்தை மட்டும் எண்ணிப் பார்த்தால் உலகத்தில் மூச்சு விடுவதைவிடக் கொலைகள் அதிகம் நடப்பதாகத் தோன்றும். லெனட் கையால் எழுதிக்கொண்டிருந்த ரகம் இதுதான், எவ்வளவு பக்கங்களைப் புரட்டினாலும் அது நேரடியாகக் கிடைக்காது.

இனி உங்கள் சாட்பாட் கேள்வி. சாட்பாட்களுக்குள் இருந்து பதில் எழுதும் நிரல்களுக்குப் பெரிய மொழி மாதிரிகள் என்று பெயர், அவை நெல் போலப் பட்டியல் போடுவதில்லை. அடுத்த சொல் எது என்று ஊகிக்கும் பயிற்சியை லட்சம் கோடிக் கணக்கான சொற்களின் மேல் செய்யும்போது, படித்ததெல்லாம் எண்களாகக் கரைந்து உள்ளே போய்விடுகிறது. 2020ல் வந்த ஜிபிடி-3 என்ற மாதிரியில் அப்படி 17,500 கோடி எண்கள். ஒரு சேதி எந்த எண்ணில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறது, சாம்பாரில் உப்பு மாதிரி. மூச்சு விடுவது மாதிரியான எழுதப்படாத விஷயங்களைக்கூட இவை ஓரளவு பிடித்துவிடுகின்றன, அந்த வகையில் நெல்லைவிட வெகு தூரம் வந்துவிட்டோம். ஆனால் 'ஓயாமல்' என்பது இவற்றில் இன்னும் கடினமாகிவிட்டது.

காரணம் பழையது. 1989ல் மெக்லாஸ்கி, கோஹன் இருவரும் ஒரு சின்ன நரம்பு வலைப்பின்னலுக்கு, அதாவது இந்த மாதிரிகளைப் போலவே கற்றதை எண்களில் கரைத்து வைக்கும் நிரலுக்கு, ஒன்றாம் கூட்டல் வாய்ப்பாட்டைக் கற்றுக்கொடுத்தார்கள். நன்றாகக் கற்றது. பிறகு இரண்டாம் வாய்ப்பாட்டைக் கற்றுக்கொடுத்தார்கள், அதையும் கற்றது, கற்கக் கற்க ஒன்றாம் வாய்ப்பாடு அழிந்துகொண்டே போனது. நாமும் மறப்போம், ஆனால் இரண்டு படித்ததால் ஒன்று மறந்துபோகும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. எல்லா அறிவும் ஒரே எண்களில் கரைந்திருந்தால் புதியதை எழுதப் பழையதின் மேல்தான் எழுத வேண்டியிருக்கும். இதற்கு மருந்துகள் உண்டு, பழைய பாடத்தில் கொஞ்சத்தைக் கலந்து திரும்பத் திரும்ப ஊட்டுவது இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிற நாட்டு வைத்தியம். முழுக் குணம் இல்லை. அதனால் பெரும்பாலும் ஒரு தேதியில் கோடு போட்டு நிறுத்தி, பயிற்சி கொடுத்து, சோதித்து, வெளியே விடுகிறார்கள். 'இன்ன மாதம் வரைதான் தெரியும்' என்பது அந்தக் கோடு.

கோட்டுக்கு இன்னொரு காரணம் சோதனை. வெளியே விடும் முன் ஒரு மாதிரியை மாதக்கணக்கில் சோதிக்கலாம், தினமும் மாறுகிற ஒன்றை எப்போது சோதிப்பது? 2016 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் டே என்ற சாட்பாட்டை ட்விட்டரில் விட்டது, பேசுகிறவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளும் என்றார்கள். சிலர் கூட்டமாகச் சேர்ந்து வேண்டுமென்றே கெட்டதைப் பேசினார்கள், அது கற்றுக்கொண்டது, சுமார் 16 மணி நேரத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று.

'ஆனால் இப்போது சாட்பாட்கள் நேற்றைய செய்தியைக்கூடச் சொல்கின்றனவே' என்பீர்கள். சொல்கின்றன, தேடி எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு சொல்கின்றன. தேர்வில் படித்து எழுதுவது ஒன்று, பார்த்து எழுதுவது ஒன்று, இது இரண்டாவது ரகம். உரையாடல் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடும், அந்த எண்களுக்குள் எதுவும் தங்காது. இதைக் குறையாக நான் சொல்லவில்லை, என்னைக் கேட்டால் பல வேலைகளுக்கு அதுதான் உத்தமம், எங்கிருந்து பார்த்தது என்றாவது காட்ட முடியும். படித்து எழுதும்போதும் சில விசித்திரங்கள் உண்டு. ஒரு பிரபல நடிகரின் அம்மா பெயர் என்ன என்றால் சரியாகச் சொல்லும் மாதிரி, அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி மகன் யார் என்றால் விழிக்கிறது என்று 2023ல் காட்டினார்கள். நெல்லின் பட்டியலில் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் ஒரே வரிதான், அங்கே இந்தப் பிரச்சினை எழவே எழாது.

இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் தலைவலி, இணையத்தில் எழுதுகிறவர்களில் இந்த மாதிரிகளே ஒரு பங்கு ஆகிவிட்டன. தான் எழுதியதைத் தானே படித்துக் கற்றால்? 2024ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு அதைச் செய்து பார்த்தது, ஒரு மாதிரியின் எழுத்தை அடுத்த மாதிரிக்கு, அதன் எழுத்தை அதற்கடுத்ததற்கு என்று தலைமுறை தலைமுறையாக ஊட்டினார்கள். பழைய தேவாலயக் கட்டடங்களைப் பற்றிய வரியில் தொடங்கியது, ஒன்பதாம் தலைமுறையில் விதவிதமான வால் நிறம் கொண்ட முயல்களின் பட்டியலாக முடிந்தது. படித்தபோது எனக்கு என் சூரியக் குடும்பம்தான் நினைவுக்கு வந்தது. உண்மையான மனித எழுத்து கணிசமாகக் கலந்திருந்தால் இந்தச் சரிவு குறைகிறது, அதனால் உலகமே நாளை முயல் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் எது மனிதர் எழுதியது என்று பிரிப்பதே இனி ஒரு தனி வேலை.

நீங்களே ஒன்று செய்து பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று கேள்வியின் கடைசி வரியில் இருந்தது. அப்படியானால் ஒரே ஒரு பிடிவாதம் வைத்துக்கொள்ளுங்கள்: நிரல் எதை நம்பினாலும், எந்த வரியைப் பார்த்து, எந்த அச்சு வழியாக, எந்த முந்தைய நம்பிக்கையின் தோளில் ஏறி அதை நம்பியது என்பதைக் கூடவே எழுதி வைக்கட்டும். 1979லேயே ஜான் டாய்ல் இந்த யோசனையை முறையாக எழுதிவிட்டார். ஒரு நம்பிக்கை பொய் என்று தெரிந்தால், அதை மட்டும் பிடுங்கினால் போதாது, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எல்லாமும் சேர்ந்து விழ வேண்டும். என் இரண்டாவது முயற்சியில் இதை வைத்திருந்தேன். 'வரும் ___ அன்று' என்ற அச்சைத் தூக்கியதும் ஞாயிறும் கோடையும் அரையாண்டும் ஒரே நொடியில் சரிந்தன, பார்க்கவே திருப்தியாக இருந்தது. வெள்ளியின் விலைப் பாதையை அடைத்ததும் தங்கமும் பெட்ரோலும் கிளம்பிப் போயின. எண்களில் கரைந்த அறிவில் இப்படி ஒரு நூலைப் பிடித்து இழுக்க முடியாது, அங்கே இதற்கு ஈடான வழியை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தச் சுத்திகரிப்புக்குப் பிறகு என் பட்டியலில் எட்டுக் கோள்களும் கூடவே புளூட்டோவும் மிஞ்சின. 2006 ஆகஸ்டில் அதைக் கோள் வரிசையிலிருந்து நீக்கிவிட்டார்கள், பழைய பக்கங்களின் ஓட்டில் அது ஜெயிக்கிறது என்று நினைத்து 2006க்குப் பிந்தைய பக்கங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்தேன். புளூட்டோவின் மதிப்பெண் குறையவில்லை, ஏறியது. எந்த வரிகளைப் பார்த்து நம்புகிறாய் என்று அதன் குறிப்பைத் திறந்தேன். எல்லாம் ஒரே அச்சு: 'புளூட்டோ கோள் அல்ல', 'புளூட்டோ கோள் இல்லை', 'புளூட்டோ கோள் ஆகாது'. தமிழில் மறுப்பு கடைசியில்தானே வரும். என் நிரல் 'கோள்' என்ற சொல்லோடு வாசிப்பை நிறுத்திக்கொண்டிருந்தது.